புசல் கணக்கு ஊருக்கு ஊர் மாறுவது ஏன்?

காலபோக அறுவடை முடிந்திருந்த ஒரு பங்குனி மாதப் பின்னேரம், ஐம்பது வயது மதிக்கத்தக்க கமக்காரர் ஒருவர் மனைவியுடன் என்னைத் தேடி வந்தார். வன்னியில் பெரிய குளமொன்றின் கீழ் வயல் செய்தவர். 2009 இல் யாவற்றையும் கைவிட்டு வெளியேறி, முகாமில் இருந்து, பின்னர் காணிப் பிணக்கொன்றினால் சொந்த இடத்துக்குத் திரும்ப முடியாமல், மனைவியின் உறவினர் வாழும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக் கிராமம் ஒன்றில் குடியிருப்பவர். பல ஆண்டுகள் கூலிவேலை செய்த பின், முதற்தடவையாக இரண்டு ஏக்கர் வயலைக் குத்தகைக்கு எடுத்து விதைத்திருந்தார்.

"சுவாமி, அங்கை ஏக்கருக்கு எண்பது புசல் கண்டனான். இஞ்சை முப்பத்தெட்டு. இவ்வளவு காலம் கூலிக்குப் போனதிலை வயல்வேலை மறந்து போச்சோ எண்டு பயமாக் கிடக்கு" என்றார். மனைவி ஒன்றும் பேசவில்லை. அவருடைய சங்கிலி அடகில் இருந்தது. இரண்டு ஏக்கருக்கு 160 புசல் வரும் என்று மனக்கணக்குப் போட்டே அவர் கடன் பட்டிருந்தார். வந்தது 76.

அவருக்கு வயல்வேலை மறக்கவில்லை. அவர் வேலையிலும் பெரிய குறை இல்லை என்பதை அயல் வயல்களை விசாரித்து அறிந்தேன். அந்த வெளியில் அந்தப் போகம் நல்லதென்று பெயரெடுத்தவருக்கே 45 புசல்தான். அவர் விட்ட பிழை ஒன்றே ஒன்று: ஓர் ஊரின் கணக்கை இன்னோர் ஊருக்குக் கொண்டு வந்தார். இடம்பெயர்ந்து வேற்று மாவட்டத்தில் கமஞ்செய்யும் குடும்பங்கள் பலவற்றில் இதே பிழையைக் காண்கிறேன். ஆகவே, எமது நாட்டில் நெல் விளைச்சல் மாவட்டத்துக்கு மாவட்டம் ஏன் இவ்வளவு வேறுபடுகின்றது, அது காலப்போக்கில் எவ்வாறு மாறி வந்துள்ளது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

அளவும் சராசரியும்

முதலில் அளவு. ஒரு புசல் நெல் 46 இறாத்தல், அதாவது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மூடைக் கணக்கில் பேசுவதை நான் விரும்புவதில்லை. ஊருக்கு ஊர் மூடையின் நிறை வேறு. அரசாங்கப் புத்தகங்கள் ஹெக்டேயருக்கு இத்தனை மெற்றிக் தொன் என்று எழுதும். அதை எங்கள் கணக்குக்கு மாற்றுவது எளிது: தொன்னை இருபதால் பெருக்கினால் ஏக்கருக்கு எத்தனை புசல் என்பது கிட்டத்தட்ட வந்துவிடும். ஹெக்டேயருக்கு 4 தொன் என்றால் ஏக்கருக்கு 80 புசலுக்குச் சற்றுக் குறைவு.

இந்தச் சராசரி எப்படிக் கிடைக்கிறது? தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் ஒவ்வொரு போகத்திலும் மாவட்டந்தோறும் சில வயல்களை எழுமாறாகத் தெரிந்தெடுத்து, அவற்றில் சிறு துண்டொன்றை அளந்து வெட்டி, அடித்து, நிறுத்துப் பார்க்கிறது. இதில் இரண்டு விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வரம்பும் வாய்க்காலும் பிடித்த நிலத்தைக் கழித்துவிட்டே ஏக்கரைக் கணக்கிடுகிறார்கள். நாமோ உறுதியில் உள்ள முழுக் காணியையும் ஏக்கராகச் சொல்கிறோம். எனவே புத்தகத்தின் எண் எங்கள் எண்ணைவிட எப்போதும் சற்றுக் கூடுதலாகவே நிற்கும். இரண்டாவது இன்னும் முக்கியமானது. சராசரி என்பது அறுவடையான வயல்களின் சராசரி. விதைத்து, காய்ந்து, மாட்டுக்கு விட்ட வயல் அதற்குள் வராது. மழையை நம்பிய மாவட்டங்களில் "சராசரி 50 புசல்" என்று வாசிக்கும்போது, அறுவடையே காணாத வயல்களும் பக்கத்தில் இருந்திருக்கலாம் என்பதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

முப்பதிலிருந்து எண்பதுக்கு

1950களின் தொடக்கத்தில் நாடு முழுவதற்குமான சராசரி ஏக்கருக்கு 30 புசல் அளவில்தான் இருந்தது. எமது பாட்டன்மார் காலத்தில் 40 புசல் கண்டவர் பெரிய கமக்காரர். 1958 இல் பத்தலகொடை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து எச். 4 என்ற இனம் வெளிவந்தது. அதன் பெற்றோரில் ஒன்று எமக்குப் பழக்கமான முருங்கைக்காயன் வழிவந்தது என்பது பலருக்குத் தெரியாது. மற்றையது இந்தோனேசிய இனம். 1970களில் பி.ஜி. இனங்கள் வந்தன. இவை குட்டையான தண்டுடையவை. பசளையை உண்டு, சாயாமல் நின்று, கதிரை நிரப்புபவை. 1980களின் நடுப்பகுதியில் நாட்டின் சராசரி ஹெக்டேயருக்கு 3 தொன்னைத் தாண்டியது. 2010களில் 4 தொன்னுக்கு மேல், அதாவது ஏக்கருக்கு 80 புசலைக் கடந்தது.

ஆனால் இந்த ஏற்றம் எல்லா ஊருக்கும் ஒரே அளவில் வரவில்லை. புதிய இனம் தன் முழு வலிமையைக் காட்ட, வேண்டிய நாளில் வேண்டிய அளவு தண்ணீர் வேண்டும். பசளை எறியும் நாளில் வயலில் நீர் நிற்க வேண்டும். குடலைப் பருவத்திலும் பூக்கும் காலத்திலும் நிலம் காயக் கூடாது. இதை உறுதியாகத் தரக்கூடிய இடங்களே முன்னேறின. நாட்டின் பொதுக் கணக்கில், மழையை மட்டும் நம்பிய மானாவாரி வயலின் விளைச்சல், பெரிய நீர்ப்பாசனத் திட்ட வயலின் விளைச்சலில் மூன்றிலிரண்டு பங்கு அளவிலேயே நிற்கிறது. சிறு குளங்களின் கீழுள்ள வயல்கள் இரண்டுக்கும் நடுவில்.

எங்கே கூட, எங்கே குறைய

பொலனறுவை, அம்பாறை, அம்பாந்தோட்டை ஆகிய மாவட்டங்கள் நீண்ட காலமாக முன்னணியில் உள்ளன. நல்ல போகங்களில் அங்கே ஏக்கருக்கு 100 புசல் என்பது அதிசயமல்ல. அம்பாறையில் 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் சேனாநாயக்க சமுத்திரமும், பொலனறுவையில் பராக்கிரம சமுத்திரமும் 1977 இன் பின்னர் துரிதப்படுத்தப்பட்ட மகாவலித் திட்டமும், அம்பாந்தோட்டையில் வளவை, கிரிந்தி ஓயாத் திட்டங்களும் இதற்கு அடிப்படை. அனுராதபுரத்துக் குளங்களுக்கு 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்பட்ட மகாவலி நீர் கிடைக்கிறது. அம்பாறை, பொலனறுவை, அனுராதபுரம், குருநாகல் ஆகிய நான்கு மாவட்டங்களே நாட்டின் நெல்லில் ஏறக்குறைய அரைவாசியைத் தருகின்றன. 1968 இல் வகுக்கப்பட்ட மகாவலிப் பெருந்திட்டத்தில் வடக்கு நோக்கிய கால்வாயும் இருந்தது. அந்தத் துரித வேலைகளில் அது வடக்கு வயல்களை வந்தடையவில்லை.

தண்ணீரோடு வெயிலும் சேர வேண்டும். அம்பாந்தோட்டை வறண்ட இடம், மேகம் குறைவு. குளத்து நீர் காலடியிலும் சூரியன் தலைக்கு மேலும் இருப்பதால் பயிர் நாள் முழுவதும் மாச்சத்தை ஆக்குகிறது. சிறுபோகத்திலும் அங்கே நல்ல விளைச்சல் வருவதன் இரகசியம் இதுதான்.

இதற்கு நேர்மாறான இடத்தைப் பாருங்கள். களுத்துறை, காலி, கம்பஹா, இரத்தினபுரி ஆகிய ஈரவலய மாவட்டங்களில் மழைக்குக் குறைவே இல்லை. யாழ்ப்பாணத்தில் ஆண்டொன்றில் விழுவதைப் போல இரண்டு மடங்கு மழை அங்கே விழுகிறது. "அவ்வளவு மழை இருந்தால் நாங்கள் நூறு புசல் எடுப்போம்" என்று எமது கமக்காரர் பலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உண்மையில் களுத்துறையின் சராசரி 50, 60 புசல் அளவில்தான் தடுமாறுகிறது. காரணங்கள் பல. வானம் மூடியிருப்பதால் வெயில் போதாது. வயல்கள் பள்ளத்தாக்குகளின் அடியில் இருப்பதால் நீர் வடிவதில்லை. மேட்டு நிலத்திலிருந்து கசிந்து வரும் நீரிலுள்ள இரும்பு வேரைத் தாக்க, இலைகள் செம்பு நிறமாகிப் பயிர் குன்றுகிறது. இதைத் தாங்கும் இனங்களை உருவாக்கவே பொம்புவலையில் தனி ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். மாத்தறையில் நில்வளா கங்கையின் வெள்ளத்தைத் தடுக்கும் திட்டம் செய்தபோது, நீர் வடிந்த தாழ்நிலங்கள் சிலவற்றில் மண்ணுக்குள் உறங்கிக் கிடந்த அமிலம் கிளம்பி வயல்களைக் கெடுத்ததும் உண்டு. இவற்றோடு இன்னொன்றும் சேருகிறது. அங்கே காணித் துண்டுகள் மிகச் சிறியவை; வீட்டுக்காரர் வேறு தொழிலுக்குப் போகிறார்; வயல் ஓய்வுநேர வேலையாகி விட்டது. மழை கூடினால் விளைச்சல் கூடும் என்று எண்ணுவோருக்கு ஈரவலயம் நல்ல பதில்.

ஒரே மாவட்டத்துக்குள்ளும் இரண்டு கணக்குகள் உண்டு. மட்டக்களப்பில் உன்னிச்சை, நவகிரி, உறுகாமம் குளங்களின் கீழ் உள்ள வட்டைகளுக்கும், மழையை நம்பி மாரியில் மட்டும் வெள்ளாமை செய்யும் வட்டைகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அங்குள்ளோர் நன்கறிவர். பின்னையதில் கார்த்திகை மழை பிந்தினால் ஒரு பயம், மார்கழி, தை மாதங்களில் வெள்ளம் வந்தால் இன்னொரு பயம். 2011 தை, மாசி மாதங்களில் கிழக்கில் வந்த வெள்ளம் கதிர் முற்றும் நேரத்தில் வயல்களை மூடியதைப் பலர் நேரிற் கண்டிருப்பீர்கள்.

ஒரே வாய்க்காலின் கீழும் இதே கதைதான். வாய்க்காலின் தலைப்பகுதியில் இருப்பவர் முதலில் நீரெடுக்க, வால்பகுதியில் இருப்பவர் மிச்சத்துக்குக் காத்திருப்பார். கல்லோயாவின் இடதுகரையில் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் கமக்காரரும் வால்பகுதியில் தமிழ்க் கமக்காரரும் இருந்தனர். 1980களின் தொடக்கத்தில் அங்கே சிறு சிறு கமக்காரர் குழுக்கள் அமைக்கப்பட்டபோது, வரட்சியான காலத்திலும் மேலே உள்ளவர்கள் முறை வைத்து நீரைச் சேமித்துக் கீழே விட்டார்கள். வாய்க்கால் திருத்தும் வேலை முடிவதற்கு முன்பே வால்பகுதிக்கு நீர் போய்ச் சேர்ந்தது. நாட்டில் எல்லாம் கசந்து கொண்டிருந்த காலத்தில் நடந்த காரியம் என்பதால் இதை இங்கே குறிப்பிடத் தோன்றியது.

வடக்கின் நான்கு விதமான வயல்கள்

வடமாகாணத்தை ஒரே துண்டாக எண்ணுவது பிழை. மன்னாரில் மழை குறைவு. ஆனால் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் அருவி ஆற்றிலிருந்து தேக்கம் அணைக்கட்டின் வழியாக வருகிறது. அருவி ஆறு அனுராதபுரப் பக்கத்திலிருந்து ஓடி வருவது. ஆகவே மன்னாரில் மழை பொய்த்தாலும் மேலே பெய்தால் குளம் நிரம்பும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண் நீரை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். இவை இரண்டும் சேர்வதால் அங்குள்ள நீர்ப்பாசன வயல்கள் நல்ல போகங்களில் நாட்டின் சராசரிக்குக் குறைவதில்லை.

கிளிநொச்சியில் இரணைமடு. காலபோகத்தில் ஏறத்தாழ 21,000 ஏக்கர் அதன் கீழ் விதைக்கப்படும். சிறுபோகத்தில் குளத்தில் மிச்சமிருக்கும் நீரைப் பார்த்து, ஒரு பகுதிக் காணிக்கு மட்டும் அனுமதி. அந்தப் பகுதியைப் பங்கு முறையில் எல்லோரும் பகிர்ந்து செய்வது வழக்கம். என்னிடம் வந்தவரின் எண்பது புசல் இப்படிப்பட்ட வயலின் புசல்.

வவுனியாவிலும் முல்லைத்தீவின் பல பகுதிகளிலும் நூற்றுக்கணக்கான சிறு குளங்கள். இவற்றின் நீர்ப்பரப்பு அகலம், ஆழம் குறைவு. குளம் வான் பாய்ந்த வருடம் பயமில்லை. நிரம்பாத வருடம் தை மாதத்திலேயே துருசு வற்றி விடும். கால் நூற்றாண்டு காடு மூடி, தூர்ந்து, கட்டுடைந்து கிடந்த குளங்கள் எத்தனையோ.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறும் இல்லை, பெருங்குளமும் இல்லை. சுண்ணக்கல்லுக்குள் ஊறும் கிணற்று நீர் தோட்டத்துக்கு. வயலுக்கு மழை மட்டும். ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரைக்குள் கொட்டித் தீர்கிறது. புரட்டாதியில் புழுதியில் விதைத்து, மழையில் முளைக்க வைத்து, மழை ஓயும்முன் கதிராக்க வேண்டும். கடல்நீரேரியை அண்டிய வயல்களில் உவரும் சேரும். பல போகங்களில் 50 புசலுக்கு அங்குமிங்குமாகவே சராசரி நிற்கிறது. எனவே எங்கள் கமக்காரரின் 38, அந்த மண்ணில், முதல் வருடத்தில், வெட்கப்பட வேண்டிய எண்ணே அல்ல. அதே குடாநாட்டில் செம்மண்ணும் கிணறும் உள்ள இடத்தில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் எவ்வளவு விளைந்தன என்பதை எல்லோரும் அறிவர். 1970 முதல் 1977 வரை இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் அவை எத்தனையோ கல்வீடுகளைக் கட்டின. சந்தை திறக்கப்பட்டதும் விலை விழுந்தது. மண்ணின் விளைச்சல் அப்படியே இருந்தாலும் வீட்டின் வருமானம் விழலாம் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

நின்றுபோன காலம்

பி.ஜி. 300, பி.ஜி. 352, ஏ.ரி. 362 போன்ற இனங்கள் தெற்கிலும் வடமத்தியிலும் பரவி, வெட்டு மிசினும் வந்து, விளைச்சல் படிப்படியாக ஏறிய காலம் எமக்குப் போர்க்காலமாக இருந்தது. 1990 இன் பின்னர் யூரியா முதலிய பசளைகளுக்கும் எரிபொருளுக்கும் கட்டுப்பாடு. உழவு இயந்திரம் நின்று மாடு திரும்பி வந்தது. மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள், ஆட்டக்காரி போன்ற பழைய இனங்கள் பசளையில்லாமலும் ஓரளவு தந்ததால் பலரைக் காப்பாற்றின. 1990 இல், 1995 இல், 2008-2009 இல் என்று குடும்பங்கள் கதிர் நின்ற வயலை விட்டு நடந்தன. நானே 1995 ஐப்பசி முடிவில், பள்ளிக்கூட மாணவனாக, நாவற்குழிப் பாலத்தால் அந்தச் சனத்திரளோடு நடந்தவன். அந்த மழைக்குள் இரு பக்கமும் பச்சையாய் நின்ற வயல்களை யார் அறுத்தார்கள் என்று இன்றும் எனக்குத் தெரியாது.

போர் முடிந்து திரும்பியோர் கண்ட நிலம் பழைய நிலமல்ல. வேலிகள், வரம்புகள் அழிந்திருந்தன. மண் அணைகளுக்காக மேல்மண் வாரப்பட்ட வயல்களில் அடிமண்ணே மிஞ்சியது. மேல்மண் போன வயலுக்கு யூரியாவைக் கூட்டிப் பயனில்லை. அது நிற்பதற்கு உக்கல் வேண்டும். மாட்டுப்பட்டி கட்டியும், சணல் விதைத்து உழுது புதைத்தும், கிளிசெறியா, பூவரசு இலைகளை மிதித்தும் சில போகங்கள் பொறுத்தவர்களுக்கே நிலம் இணங்கி வந்தது. "இருபது வருடம் ஓய்ந்த நிலம் அள்ளித் தரும்" என்ற பேச்சை நம்பி முதல் போகத்திலேயே பெரிய கடன் பட்டவர்கள் துன்பப்பட்டார்கள்.

இடம் மாறியவர்களின் கணக்கு மாறிய கதை இது ஒன்று மட்டுமல்ல. 1977, 1983 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்த குடும்பங்கள் தேயிலைக் கொழுந்தை அறிந்தவை. சேற்று வயலை இங்கே வந்துதான் பழகின. 1990 ஐப்பசியில் வெளியேற்றப்பட்ட மன்னார் முசலிப் பகுதி முஸ்லிம் குடும்பங்கள் நெற்செய்கையாளர். புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளின் மணலில் அவர்கள் வந்து இறங்கினார்கள். அங்கே நெல் இல்லை. குழாய்க்கிணற்றில் இறைத்து, வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் செய்யும் மணல் அது. பசளை இட்ட மறுநாளே நீரோடு கீழே இறங்கிவிடும் என்பதால் திரும்பத் திரும்ப இட வேண்டும். விளைச்சல் வந்தது, கிணற்று நீரில் நைத்திரேற்றும் ஏறியது. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணிலும் இதே தொல்லை உண்டு.

இரண்டு கெட்ட காலங்கள், இரண்டு விதமான நட்டம்

அண்மைய வரலாற்றில் இரண்டு வீழ்ச்சிகளை ஒப்பிட்டால், விளைச்சலை எது தாங்கி நிற்கிறது என்பது விளங்கும். 2016 இல் நாட்டின் நெல் உற்பத்தி ஏறத்தாழ 44 இலட்சம் மெற்றிக் தொன். 2017 இல் 24 இலட்சம். காரணம் வரட்சி. குளங்களில் நீர் இல்லாமையால் பெருமளவு காணி விதைக்கப்படவே இல்லை. விதைத்ததிலும் ஒரு பகுதி காய்ந்தது. ஆனால் தண்ணீர் கிடைத்து அறுவடையான வயல்களின் சராசரி அந்த அளவுக்கு விழவில்லை. நட்டம் முழுவதும் தண்ணீர் போய்ச் சேராதவர் தலையில் விழுந்தது.

2021 இல் உற்பத்தி 51 இலட்சம் தொன். 2022 இல் 34 இலட்சம். இம்முறை மழையில் குறையில்லை, காணியும் வழமை போல விதைக்கப்பட்டது. 2021 சித்திரை, வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டு, கார்த்திகையில் அத்தடை நீக்கப்பட்டபோது, காலபோகத்துக்குப் பசளை வந்து சேரக் காலம் கடந்திருந்தது. விளைச்சல் எல்லா வயலிலும் ஒருசேர விழுந்தது. கூடுதலாகப் பசளை வாங்கிக் கூடுதலாகத் தந்து பழகிய நீர்ப்பாசன வயல்களே கூடுதலான புசலை இழந்தன. நூறு புசல் வயலுக்கு இழக்க நிறைய இருந்தது. உக்கலும் எருவும் மண்ணுக்கு வேண்டியவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பல ஆண்டுகள் யூரியாவில் நின்ற வயலை ஒரே போகத்தில் மாற்றலாம் என்று எண்ணியது கமஞ்செய்யாதவர்களின் எண்ணம்.

விதைக்குமுன் கேட்க வேண்டியவை

புதிய இடத்தில் வயல் எடுப்போர், காணிக்காரர் சொல்லும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. அவர் தன் நல்ல வருடத்தைச் சொல்வார். அதே வெளியில் செய்யும் மூன்று பேரிடம், கடந்த ஐந்து காலபோகங்களிலும் என்ன கண்டார்கள், எத்தனை போகம் அறுவடையே இல்லாமற் போனது என்று கேளுங்கள். கமநலசேவை நிலையத்திலும் விவசாயப் போதனாசிரியரிடமும் அப்பகுதியின் எண் இருக்கும். மாவட்ட எண்ணை விட அந்த வெளியின் எண்ணே உங்களுக்கு உதவும். வயல் வாய்க்காலின் எந்தப் பகுதியில் இருக்கிறது, குளம் பத்து வருடத்தில் எத்தனை தடவை வான் பாய்ந்தது என்பவையும் விளைச்சலைச் சொல்லும்.

விதையைத் தண்ணீரின் நாளுக்கு ஏற்பத் தெரிவு செய்யுங்கள். பிற்கால பி.ஜி. இனங்களின் எண்ணே பெரும்பாலும் வயதைச் சொல்லிவிடும்: 250 என்றால் இரண்டரை மாதம், 300 மூன்று மாதம், 352, 358, 360 ஆகியவை மூன்றரை மாதம், 403 நான்கு மாதம். வயது கூடிய இனம் கூடத் தரும், தண்ணீர் கடைசி வரை இருந்தால். குளத்தின் கீழ் பழகிய கை மூன்றரை மாத இனத்தையே நாடும். தை மாதத்தில் காயும் மானாவாரி வயலில் அந்தக் கடைசி இரண்டு வாரங்கள்தான் பதராக்கி விடும். உவர் உள்ள இடத்துக்கு ஏ.ரி. 354 போன்ற தாங்கும் இனம் உண்டு.

கடன் படுமுன் செலவைப் புசலாக மாற்றிப் பாருங்கள். எங்கள் கமக்காரருடன் இருந்து நான் அதைத்தான் செய்தேன். உழவு, விதை, பசளை, களைநாசினி, வெட்டுக்கூலி யாவற்றையும் அன்றைய நெல்விலையால் பிரித்தபோது ஏக்கருக்கு 30 புசல் வந்தது. குத்தகை 12 புசல், விளைந்தாலும் விளையாவிட்டாலும். ஆக 42. எண்பது காணும் வயலில் 38 புசல் மிச்சம் வரும். முப்பத்தெட்டு காணும் வயலில் 4 புசல் கைநட்டம். இரண்டுக்கும் உழைப்பு ஒன்றே. விளைவில் காற்பங்கு என்று குத்தகை பேசியிருந்தால், 38 இல் ஒன்பதரை கொடுத்து, ஒன்றரைப் புசல் நட்டத்தோடு ஓரளவு தப்பியிருப்பார். விளைச்சல் உறுதியில்லாத நிலத்துக்கு நிலையான குத்தகை பேசுவது, மழையின் பொறுப்பை நாமே ஏற்பதாகும்.

குத்தகைக்காரராக இருந்தாலும் காணிக்காரரின் சம்மதத்தோடு கமக்காரர் அமைப்பில் சேர்ந்து, கமநலசேவை நிலையப் பதிவில் உங்கள் பெயரைச் சேர்ப்பியுங்கள். பசளை மானியம், பயிரழிவுக் கொடுப்பனவு என்பன வரும்போது பதிவில் உள்ள பெயரையே பார்ப்பார்கள். போகத்துக்கு முந்திய பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் "வந்தான் வரத்தான்" என்று பின்வரிசையில் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. துருசு திறக்கும் நாளும் மூடும் நாளும் அங்கேதான் தீர்மானமாகின்றன.

அவர் மறு வருடமும் அதே வயலைச் செய்தார். காணிக்காரர் முதலில் மறுத்தாலும், இரண்டு கிழமை இழுத்தடித்து, காற்பங்குக்கு உடன்பட்டார். ஓர் ஏக்கரில் மூன்று மாத இனம். புரட்டாதி நடுப்பகுதியில் புழுதி விதைப்பு. மற்ற ஏக்கரில் மொட்டைக்கறுப்பன், பசளை குறைத்து. அதில் புசல் குறைவாக வரும் என்று தெரிந்தே விதைத்தார். குடாநாட்டில் புட்டுக்கும் கஞ்சிக்கும் அந்த அரிசியைத் தேடி வருவோர் உண்டு, விலையும் கூட. மூன்று மாத இனம் 46 புசல், மொட்டைக்கறுப்பன் 31. அறுவடை முடிந்த ஈரத்தில் பயறு போட்டிருக்கிறார். சங்கிலி இன்னும் அடகுக்கடையில் இருக்கிறது. இந்த வருடம் வட்டியும் முதலில் ஒரு பகுதியும் கட்டியாகிவிட்டது.